சூப்போடு என்ன சாப்பிடலாம்: பிரட்டா, இட்லியா, சுண்டலா?

போன ஆடி மாதம் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டை மாற்றினோம். மாமனாருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. கணவருக்கு இடுப்புச் சுற்றளவு கூடிக்கொண்டே போகிறது. மகள் கல்லூரியில் படிக்கிறாள், அவளுக்கு எடை பற்றிய கவலை. மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு வழி சொன்னேன்: வாரத்தில் நான்கு நாள் இரவுக்குச் சூப், கூடவே வெண்ணெய் லேசாகத் தடவிய இரண்டு பிரட் டோஸ்ட்.

எட்டு மணிக்கு எல்லோருக்கும் திருப்திதான். பதினொரு மணிக்கு அடுக்களையில் ஒரு சத்தம் கேட்கும். எங்கள் மிக்சர் டப்பாவுக்கு இறுக்கமான எவர்சில்வர் மூடி. எவ்வளவு மெதுவாகத் திறந்தாலும் கடைசியில் 'டப்' என்று ஒலிக்கும். ஒருநாள் எழுந்துபோய்ப் பார்த்தால் மாமா விளக்குப் போடாமல் நின்றுகொண்டிருந்தார். "தூக்கம் வரலம்மா, வயிறு காலியா இருக்கு" என்றார். அவரைச் சொல்லி என்ன பயன்? நான் வைத்த சாப்பாடு மூன்று மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அன்றிலிருந்து சூப்புக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சூப்பில் என்ன இல்லை?

துணை எது என்று முடிவு செய்வதற்கு முன்னால், சூப்பில் என்ன குறைகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கிண்ணம் காய்கறி சூப்பில் பெரும்பகுதி தண்ணீர். காயின் சத்து, கொஞ்சம் நார், மிளகின் காரம், சூடு, மணம் எல்லாம் உண்டு. புரதம் இரண்டு மூன்று கிராம் இருந்தாலே அதிகம். வடிகட்டிவிட்டால் நாரும் போய்விடும். மெல்லுவதற்கு ஒன்றுமே இருக்காது.

'சூப் குடித்தால் எடை குறையும்' என்று எல்லோரும் சொல்கிறோம். அதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மதிய உணவுக்கு முன் சூப் குடித்தவர்கள், சூப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால்கூட, மொத்தத்தில் சுமார் 20 சதவீதம் குறைவான கலோரியே எடுத்துக்கொண்டார்கள். காய் துண்டு துண்டாக இருந்த சூப், அரைத்த சூப் இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கவனியுங்கள், அங்கே சூப்புக்குப் பிறகு முழுச் சாப்பாடு இருந்தது. நாமோ சாப்பாட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சூப்பை வைத்துவிடுகிறோம். அந்தச் சாப்பாடு செய்துகொண்டிருந்த வேலையை இப்போது துணை உணவுதான் செய்தாக வேண்டும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். காலையில் இட்லி, மதியம் சோறு, சாம்பார், பொரியல் என்று சாப்பிடுகிற வீட்டில் இரவுக்குள் இந்த 50 எங்கே நிறையும்? இரவிலும் வெறும் சூப் என்றால் பள்ளம் இன்னும் ஆழமாகும்.

ஆகவே துணை உணவிடம் மூன்று கேள்வி கேட்கப் பழகிக்கொண்டேன். புரதம் தருகிறதா? மென்று சாப்பிடுவதற்கும் நாருக்கும் ஏதாவது இருக்கிறதா? சூப்பில் ஏற்கெனவே இருக்கும் உப்பையும் மாவையும் இன்னும் கூட்டுகிறதா? கடைசிக் கேள்வியைத்தான் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

பிரட்

முதலில் எல்லோர் கையும் போவது பிரட்டுக்குத்தான். எளிது, உடனே கிடைக்கும், சூப்பில் தோய்த்தால் சுவையாகவும் இருக்கும். அந்தச் சுவையை நான் மறுக்கவில்லை.

ஒரு துண்டு வெள்ளை பிரட் 25 முதல் 30 கிராம் இருக்கும். அதில் புரதம் இரண்டு கிராம் அளவு, நார் ஒரு கிராம்கூட இல்லை. மீதி பெரும்பாலும் மைதா. சூப்பில் தோய்த்தவுடன் மெல்ல வேண்டிய தேவையும் போய்விடுகிறது, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். மைதா சீக்கிரம் செரித்துச் சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும், அப்புறம் பசியும் சீக்கிரம் வரும். மிக்சர் டப்பா திறந்ததற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று உப்பு. பிரட் நாக்கில் கரிக்காது, அதனால் அதில் உப்பு இருப்பதே நமக்குத் தோன்றாது. இரண்டு துண்டில் அரை கிராம் உப்புக்கு மேலேயே இருக்கும். உப்பு வெண்ணெய் தடவினால் இன்னும் கூடும். ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து கிராம் உப்புக்குள் நிறுத்துங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாக்கெட் சூப் என்றால் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். உப்பு என்று போட்டிருக்காது, சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 600 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒன்றரை கிராம் உப்பு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு பாக்கெட் சூப்பும் வெண்ணெய் பிரட்டும் ஒரே வேளையில் கொடுத்தால், பாதி நாள் உப்பு அங்கேயே தீர்ந்துவிடும்.

சரி, கோதுமை பிரட்? உண்மையிலேயே முழுக் கோதுமை மாவில் செய்ததாக இருந்தால் நார் கூடுதல், வயிறும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் நிறத்தை நம்பாதீர்கள். பொருட்களின் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. 'பிரவுன்' என்று எழுதிய பாக்கெட்டைத் திருப்பினால் பல நேரம் முதலில் மைதாதான் நிற்கும். பழுப்பு நிறம் 150 என்ற எண்ணில் குறிக்கப்படும் கேரமலில் இருந்து வந்திருக்கும். நான் வாங்கிக்கொண்டிருந்ததும் அப்படிப்பட்டதுதான் என்று ஒருநாள் கடையிலேயே நின்று படித்தபோது தெரிந்தது. இரண்டு வருடமாக அதை 'நல்ல பிரட்' என்று நம்பி மாமாவுக்குக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது வீட்டில் பிரட் உண்டு, ஆனால் ஒரே ஒரு துண்டு. அதுவும் முட்டையோ பனீரோ கூட இருக்கும் நாளில் மட்டும்.

ஹோட்டலில் வரும் கூட்டாளிகள்

சூப் ஸ்டிக், பொரித்த நூடுல்ஸ், இறால் சிப்ஸ், பொரித்த பிரட் துண்டு, இவற்றைப் பற்றி அதிகம் பேச எதுவும் இல்லை. மைதாவோ வேறு மாவோ, எண்ணெய், உப்பு. டால்டா வகைக் கொழுப்புகளில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் கட்டுப்பாடு வந்துவிட்டது, அதுவரை நல்லது. ஆனாலும் ஹோட்டலில் ஒருநாள் சாப்பிடுவதற்குத்தான் இவை. வீட்டு இரவுச் சாப்பாட்டில் இவற்றுக்கு இடம் கொடுக்க மாட்டேன்.

அப்பளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'சுட்ட அப்பளம்தானே, எண்ணெய் இல்லையே' என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணெய் இல்லைதான். உளுந்து மாவு என்பதால் கொஞ்சம் புரதமும் உண்டு. ஆனால் மாவிலேயே உப்பும் அப்பளக்காரமும் போட்டுப் பிசைகிறார்கள். இரண்டுமே சோடியம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சூப்போடு அப்பளம் வேண்டவே வேண்டாம்.

இட்லி, தோசை, அடை

நம் ஊரில் மிளகுத்தண்ணீர் தனியாக ஒரு வேளைச் சாப்பாடாக இருந்ததே இல்லை. சோற்றோடுதான். மதராஸில் இருந்த வெள்ளைக்காரர்கள் அதைத் தங்கள் மேஜைக்கு எடுத்துப்போய், கறியும் மற்றதும் சேர்த்து 'முல்லிகடானி' என்று சூப் ஆக்கியபோதும், கூட ஒரு கரண்டி சோறு வைத்துக்கொண்டார்கள். ஆட்டுக்கால் பாயாவுக்கு இடியாப்பமோ ஆப்பமோ இருக்கும். நோன்புக் கஞ்சிக்கு வடையும் துவையலும். திரவமாக ஒன்று இருந்தால் பக்கத்தில் கெட்டியாக ஒன்று வேண்டும் என்று நம் ஆட்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

அந்த வழியில் பார்த்தால் பிரட்டை விட இட்லி மேல். ஆவியில் வேகிறது, எண்ணெய் இல்லை, உளுந்து இருக்கிறது, மாவு புளித்திருப்பதால் வயிற்றுக்கும் இதம். பல் இல்லாதவர்களும் சாப்பிடலாம். ஆனால் இட்லியில் பெரும்பங்கு அரிசி என்பதை மறக்கக் கூடாது. ஒரு இட்லியில் புரதம் இரண்டு கிராம் அளவுதான். சூப்போடு இரண்டு போதும். சாம்பார் இட்லி மாதிரி நான்கை நனைத்துச் சாப்பிட்டால் அது சாதாரண டிபன்தான், சூப் வெறும் பெயருக்கு.

அடை இட்லியை விட ஒருபடி மேல். கடலைப் பருப்பு, துவரம் பருப்பு, உளுந்து என்று பாதிக்குப் பாதி பருப்பாக அரைத்து, முருங்கைக்கீரையோ வெங்காயமோ போட்டு, ஒரே ஒரு சின்ன அடை. தவாவில் எண்ணெய் ஒரு ஸ்பூன். கையால் கிள்ளி, மென்று, இடையில் ஒரு வாய் சூப். மிக்சர் டப்பா சத்தம் கேட்காத முதல் ராத்திரி இந்த அடை ராத்திரிதான். பச்சைப் பயறை ஊறவைத்து இஞ்சி, பச்சை மிளகாயோடு அரைத்து ஊற்றும் பயறு தோசையும் இதே வகை. அரிசி கைப்பிடி போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. புளிக்க வைக்கவும் வேண்டாம்.

கேழ்வரகு ரொட்டியை நிறையப் பேர் கேட்கிறார்கள். கால்சியத்துக்கு அதை மிஞ்சிய தானியம் இல்லை, 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவு இருக்கிறது. நாரும் உண்டு. ஆனால் 'சிறுதானியம் சர்க்கரையை ஏற்றாது' என்று சொல்வது சரியில்லை. அதுவும் மாவுச்சத்துதான். கீரை, வெங்காயம் போட்டுத் தட்டிய ஒரு ரொட்டியோடு நிறுத்திக்கொண்டால் நல்ல துணை. நைசாக அரைத்த மாவில் கூழாகக் காய்ச்சிச் சூப்போடு வைப்பதில் அர்த்தம் இல்லை, குடிப்பதற்கு ஏற்கெனவே சூப் இருக்கிறது.

வடிகட்டியில் மிஞ்சியது

எனக்குக் கண் திறந்தது ஒரு கொள்ளு சூப் அன்று. கொள்ளை இரவே ஊறவைத்து, குக்கரில் ஆறு விசில் விட்டு, சீரகம், மிளகு, பூண்டு தட்டிப் போட்டு, வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்திக்கொண்டிருந்தேன். கீழே பாத்திரத்தில் செம்பழுப்பாக, மணமாக, தெளிந்த நீர். மேலே வடிகட்டி நிறைய வெந்த கொள்ளு. விரலால் நசுக்கினால் மாவாகக் குழைகிற பதம். வழக்கம் போல அதைச் செடித் தொட்டியில் கொட்டப் போனேன். அன்று வீட்டுக்கு வந்திருந்த கோயம்புத்தூர் அண்ணி கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன கண்ணு பண்ற? சத்தைக் கொட்டிட்டுத் தண்ணியக் குடிக்கப் போறியா?"

கொங்குப் பக்கம் கொள்ளு வேகவைத்த தண்ணீரில் ரசம் வைப்பார்கள், அதே கொள்ளைக் கடைந்து சோற்றுக்குப் போட்டுக்கொள்வார்கள். எதுவும் வெளியே போகாது. காய்ந்த கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவு புரதம் இருக்கிறது. அதில் தண்ணீரில் இறங்குவது கொஞ்சம்தான், பெரும்பங்கு பயறிலேயே தங்கிவிடும். அண்ணி அந்தக் கொள்ளில் கடுகு, கறிவேப்பிலை, ஒரு காய்ந்த மிளகாய் தாளித்துப் போட்டு, ஒரு பிடி தேங்காய்த் துருவலோடு சுண்டலாக்கி சூப்புக்குப் பக்கத்தில் வைத்தார். சூப்புக்கு எது துணை என்று கடையெல்லாம் தேடிக்கொண்டிருந்தவளுக்கு விடை என் கையில் இருந்த வடிகட்டியிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சுண்டலுக்குத்தான் முதல் மரியாதை. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில், அதாவது ஒரு சின்னக் கிண்ணத்தில், எட்டு ஒன்பது கிராம் புரதமும் ஏழு கிராமுக்கு மேல் நாரும் உண்டு. இரண்டு துண்டு வெள்ளை பிரட்டில் கிடைக்கும் புரதத்தைப் போல இரண்டு மடங்கு, நாரோ பல மடங்கு. மென்று சாப்பிட வேண்டும், அவசரமாக விழுங்க முடியாது. மெதுவாகச் செரிப்பதால் சர்க்கரையும் மெதுவாகத்தான் ஏறும்.

குறை இல்லாமல் இல்லை. இரவில் கடலை சாப்பிட்டால் வாயு என்று பெரியவர்கள் சொல்வது உண்மையான அனுபவம்தான். எட்டுப் பத்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்தால் தொந்தரவு பெரிதும் குறையும். இஞ்சி, பெருங்காயம் சேருங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளாதவர்கள் கொண்டைக்கடலையை விட்டுவிட்டுப் பாசிப்பயறுக்கு மாறலாம், அது வயிற்றுக்கு லேசு. பழக்கமே இல்லாதவர்கள் முதல் வாரம் கால் கிண்ணத்தோடு ஆரம்பிக்கட்டும்.

உப்பு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சூப்பில் உப்பு இருக்கிறது, சுண்டலில் போடாதீர்கள். போட்டாலும் ஒரு சிட்டிகை. முதல் நாள் மாமா ஒரு ஸ்பூன் வாயில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பாதி எலுமிச்சம்பழத்தை அதன் மேல் பிழிந்து, மாங்காய்த் துருவல் கொஞ்சம் தூவிக் கொடுத்தேன். கிண்ணம் காலியாகித்தான் திரும்பி வந்தது. புளிப்பு இருந்தால் உப்பு இல்லாத குறை பெரிதாகத் தெரிவதில்லை.

ஊறவைக்க மறந்த நாளுக்குக் கோசுமல்லி இருக்கிறது. பாசிப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்தால் போதும், வேகவைக்கவே வேண்டாம். வெள்ளரி, கேரட் துருவல், எலுமிச்சை, கொத்தமல்லி. பருப்பு நறுக்கென்று கடிபடும். சூடான சூப்புக்கு இந்தக் குளுமை அவ்வளவு பொருத்தம். வெறும் வெள்ளரி, கேரட் துண்டுகளை மட்டும் வைத்துவிட்டு 'சாலட் கொடுத்தாயிற்று' என்று நினைப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். காயோடு காய் சேர்ந்தால் நல்லதுதான், ஆனால் பசி தாங்காது. ஒரு பிடி பருப்பு சேர்ந்ததும் அதே தட்டு ஒரு வேளைச் சாப்பாடாகிவிடும்.

முட்டை, பனீர், கொறிக்கும் வகை

முட்டைக்கு எதிராக என்னிடம் எந்தப் புகாரும் இல்லை. ஒன்றில் ஆறு கிராம் புரதம், எழுபது எழுபத்தைந்து கலோரி, பத்து நிமிட வேலை. அவித்து நான்காக நறுக்கி மிளகுத்தூள் தூவினால் போதும். நார் இல்லை என்பதுதான் குறை, அதைக் காய் துண்டுகள் நிறைந்த சூப் ஈடுகட்டிவிடும். எனவே முட்டை வைக்கும் நாளில் சூப்பை வடிகட்டாதீர்கள். பனீரும் இப்படியே, 50 கிராமில் ஒன்பது கிராம் அளவு புரதம். ஆனால் கொழுப்பும் ஏறக்குறைய அதே அளவு வந்துவிடும், அதனால் கண்ணளவில் போடாமல் எண்ணிப் போடுங்கள்.

வேர்க்கடலை அவித்தது நல்ல துணை, கைப்பிடி அளவுக்கு. கலோரி அதிகம் என்பதால் பேசிக்கொண்டே கொறிக்கிற இடத்தில் வைக்காதீர்கள். இப்போது எல்லோரும் தாமரை விதை என்று சொல்லி வாங்கும் மக்கானா? வறுத்தால் மொறுமொறுப்பு, எண்ணெய் குறைவு, சிப்ஸுக்குப் பதில் என்றால் சந்தோஷமாகச் சரி என்பேன். ஆனால் ஒரு கிண்ணம் நிறைய எடுத்தாலும் பத்துப் பதினைந்து கிராம்தான் தேறும், அதில் புரதம் ஒன்றரை கிராம்கூட வராது. விலைக்கு அவ்வளவு இல்லை. சூப்பின் மேல் மொறுமொறுப்பாக ஏதாவது மிதக்க வேண்டும் என்றால் பொட்டுக்கடலையை ஒரு ஸ்பூன் தூவிப் பாருங்கள். பொரித்த பிரட் துண்டின் வேலையை அது செய்யும், புரதமும் தரும்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு அவித்தது, இனிப்புச் சோளம், இவை மாவுச்சத்து வகை. நார் இருப்பதால் பிரட்டை விட மேல், சுண்டலின் இடத்தைப் பிடிக்காது.

எந்த சூப்புக்கு எது

துணையைத் தனியாக ஆராய்ந்தால் போதாது, சூப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹோட்டல் பாணி ஸ்வீட் கார்ன் சூப் கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கியது. அதோடு பிரட் என்றால் மாவுக்கு மாவே துணை. அதற்கு முட்டையோ பனீரோதான் சரி. தக்காளி சூப்புக்கு நிறம் கொடுக்கும் லைக்கோபீன் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். வேர்க்கடலையோ முட்டையோ கூட இருந்தால் அந்த வேலை நடந்துவிடும், கிரீம் ஊற்ற வேண்டியதில்லை. முருங்கைக்கீரை சூப்பின் இரும்புச் சத்துக்கு எலுமிச்சை உதவும், ஆகவே எலுமிச்சை பிழிந்த பயறுச் சுண்டல் அதற்கு நல்ல ஜோடி. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச் சத்து சேர்வது குறையும், ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள்.

ஆட்டுக்கால் சூப் பற்றிப் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கையில் பிசுபிசுவென்று ஒட்டுவதால் அதில் புரதமும் கால்சியமும் கொட்டிக் கிடப்பதாக நினைக்கிறோம். ஒட்டுவது ஜெலட்டின். அது புரதம்தான், ஆனால் முழுமையானது இல்லை, டிரிப்டோபான் என்ற அவசியமான அமினோ அமிலம் அதில் கிடையாது. எலும்பின் கால்சியமும் நாம் நினைக்கிற அளவுக்குத் தண்ணீரில் இறங்குவதில்லை. ருசிக்காகவும் இதத்துக்காகவும் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் 'சூப்பே சத்து, வேறென்ன வேண்டும்' என்று அதோடு நிறுத்திவிடாமல், ஒரு அடையோ சுண்டலோ சேர்த்துக்கொள்ள வேண்டும். பருப்பில் டிரிப்டோபான் உண்டு, குறை தீர்ந்துவிடும். கோழி சூப் என்றால் கவலையே இல்லை, கறித்துண்டுகளைச் சூப்பிலேயே விட்டுவிடுங்கள்.

யாருக்கு வைக்கிறோம்

இதைச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள், சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மாவுச்சத்தே இல்லாமல் வெறும் சூப்போடு படுத்தால் நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு. வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், தூக்கத்தில் தெரியாமலும் போகலாம். மாமாவின் இரவுச் சாப்பாட்டை நான் மாற்றியபோது மருத்துவரிடம் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது அவர் அதைத்தான் முதலில் கேட்டார். சாப்பாட்டைக் குறைத்தால் மருந்தின் அளவையும் பார்க்க வேண்டும், இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது என்று பொறுமையாக விளக்கினார். அதிலிருந்து மாமாவுக்குச் சுண்டலோடு ஒரு இட்லியோ ஒரு சின்ன அடையோ கட்டாயம் உண்டு.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதமும் பொட்டாசியமும் அளவோடு இருக்க வேண்டும். அவர்கள் வீட்டில் இந்தக் கட்டுரையை வைத்துச் சுண்டலைக் கூட்டிவிடாதீர்கள், பார்க்கும் மருத்துவர் சொல்வதே கணக்கு. வளரும் பிள்ளைகளுக்குச் சூப் சாப்பாட்டுக்கு முன்னால் வருவதாக இருக்கட்டும், சாப்பாட்டுக்குப் பதிலாக வேண்டாம். பல் கட்டியவர்களுக்குக் கொண்டைக்கடலையை விடக் குழைய வெந்த பயறு, பனீர், இட்லி.

எங்கள் வீட்டில் இப்போது திங்கள்கிழமை கொள்ளு சூப், கூடவே அதே கொள்ளில் சுண்டல். புதன்கிழமை முருங்கைக்கீரை சூப்பும் பாசிப்பயறும். வெள்ளிக்கிழமை காய்கறி சூப்பும் அடையும், அன்று கணவரே அடை வார்ப்பார். ஞாயிறு மகளுடைய நாள். அவளுக்குத் தக்காளி சூப்பும் டோஸ்ட்டும்தான் வேண்டும், அதை நான் மாற்றவில்லை. ஒரே துண்டு, முழுக் கோதுமை, மேலே அவித்த முட்டையை நறுக்கி அடுக்கி மிளகு தூவிக்கொள்கிறாள். மிக்சர் டப்பா அதே அலமாரியில்தான் இருக்கிறது, மாலையில் யாராவது வந்தால் திறப்போம்.